டான்ஸ் கிளாஸில் சேர்க்கும்போது சறுக்கும் இடங்கள்

மாலை நாலரைக்குப் பரதம், ஆறு மணிக்கு வெஸ்டர்ன், ஏழரைக்கு ஜும்பா. சென்னையில் பல டான்ஸ் கிளாஸ் வாசல்களில் இப்படித்தான் எழுதியிருக்கும். கூடம் ஒன்று, தரை ஒன்று, சில இடங்களில் ஃபீஸும் ஒன்று. அதனால் எதில் சேர்த்தால் என்ன, எல்லாம் டான்ஸ்தானே என்று பெற்றோருக்குத் தோன்றிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு ஆட்டமும் பிள்ளையின் முட்டியிடம் கேட்பது வேறு.

பரதத்தின் அரைமண்டியை, அதாவது முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து ஆடும் நிலையை, எடுத்துக்கொள்ளுங்கள். தொடை இடுப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும். கால்விரல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, முட்டியும் அந்தப் பக்கமே மடங்க வேண்டும். பல பிள்ளைகள் பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, முட்டியை முன்னால் தள்ளி உட்காருவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அரைமண்டி மாதிரியே இருக்கும். ஆனால் முறுக்கெல்லாம் முட்டியில்தான் விழும். "இன்னும் உட்காரு" என்று வீட்டில் நாமும் சேர்ந்து அதட்டினால் இது கூடுமே தவிரக் குறையாது. இடுப்பு எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு மட்டும் பாதம் திரும்பட்டும். ஆழம் மாதக்கணக்கில் மெல்ல வரும்.

வட இந்திய ஆட்டமான கதக்கில் முட்டி நேராக நிற்கும். ஹிப்ஹாப்பில் முட்டி தளர்ந்து, தாளத்துக்குத் துள்ளிக்கொண்டே இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையை 'காம்போ' சலுகையில் பரதம், ஹிப்ஹாப் இரண்டிலும் ஒரே மாதத்தில் சேர்த்தால், செவ்வாய்க்கிழமை பழகியதை வியாழக்கிழமை உடம்பு மறக்க வேண்டியிருக்கும். ஒன்றில் ஒன்றரை வருடமாவது காலூன்றட்டும். அப்புறம் இரண்டாவதைக் கற்றுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நல்லதுதான்.

பரதம் என்று முடிவானால், என்ன பாணி என்று கேட்பவர்கள் குறைவு. பந்தநல்லூர், வழுவூர், கலாக்ஷேத்ரா என ஒவ்வொன்றிலும் அடவின் (காலும் கையும் சேர்ந்த அடிப்படை அசைவின்) பெயர், கை போகும் விதம், உடல் சாயும் அளவு மாறும். கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியை 1936இல் தொடங்கிய ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர்தான். அப்படியிருந்தும் இன்று இரண்டும் மேடையில் ஒன்றுபோல இருப்பதில்லை. வீடு மாறியதால் டீச்சரும் மாறும்போது, புதிய டீச்சர் முதல் பாடமான தட்டடவிலிருந்து மறுபடி தொடங்குவார். "நாலு வருஷம் படிச்ச பிள்ளைக்கு மறுபடியும் தை யா தையா?" என்று பெற்றோர் சண்டைக்குப் போகிறார்கள். இரண்டு பாணி ஒட்டுப்போட்டதுபோல ஆடுவதைவிட, சில மாதம் பின்னால் போவது மேல்.

அடுத்து அரங்கேற்ற அவசரம். "எத்தனை வருஷத்துல அரங்கேற்றம் பண்ணிடலாம்?" என்பதே பலர் கேட்கும் முதல் கேள்வி. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் மார்க்கம், அதாவது அரங்கேற்றத்தில் ஆடும் உருப்படிகளின் வரிசை, 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களின் காலத்தில் ஒழுங்குபட்டது. அதில் வர்ணம் என்ற நீண்ட உருப்படி ஒன்றே அரை மணி நேரம் தாண்டும். நாள் குறித்துவிட்டு உருப்படிகளை மனப்பாடம் செய்யவைத்தால், வர்ணத்தின் பாதியிலேயே அரைமண்டி காணாமல் போய்விடும். நாள் குறிக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஓர் அடவை மூன்று காலத்திலும் (மெதுவாக, வேகமாக, இன்னும் வேகமாக) ஆடச் சொல்லுங்கள். மூன்றாம் காலத்தில் பிள்ளை எழுந்து நின்றுவிட்டால், மண்டப முன்பணம் கொடுக்க இன்னும் நேரம் வரவில்லை.

தரையை யாரும் பார்ப்பதில்லை. சிமெண்ட் மேல் ஒட்டிய டைல்ஸில் வெறுங்காலால் தினமும் தட்டினால், முட்டிக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பு வலிக்கத் தொடங்கும். மரத்தரை அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். வீட்டுப் பயிற்சிக்குக் தடிமனான யோகா பாய் போடுவதும் சரியில்லை. பாதம் அமுங்கிக் கணுக்கால் பிசகும்.

ஜோடியாக ஆடும் லத்தீன் ஆட்டமான சால்சாவில் சேரும் பெரியவர்கள் செய்யும் தவறு செருப்புக் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. ரப்பர் அடியுள்ள ஓட்டக் காலணி தரையைக் கவ்விப் பிடிக்கும். உடம்பு சுழலும், பாதம் சுழலாது. இங்கேயும் மாட்டிக்கொள்வது முட்டிதான். வழுக்கிச் சுழலும்படி தோல் அடி வைத்த காலணி வேண்டும். இன்னொன்று, எட்டு எண்ணிக்கையில் நாலிலும் எட்டிலும் காலடி கிடையாது. அந்த இடைவெளியில் சும்மா இருக்க முடியாமல் புதியவர்கள் எட்டு அடியும் வைத்துவிடுவார்கள். சால்சா கற்கலாம் என்று ஜும்பாவில் சேர்ந்துவிடாதீர்கள். அது லத்தீன் பாட்டுக்குச் செய்யும் உடற்பயிற்சி. வியர்க்கும், மனசுக்கு நன்றாக இருக்கும், ஜோடி சேர்ந்து ஆட வராது.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சுவரில் தொங்கும் கேடயங்களை விட்டுவிடுங்கள். "முட்டி வலிக்குது மிஸ்" என்று எப்படியும் ஒரு பிள்ளை சொல்லும். டீச்சர் ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் பிள்ளையை மறுபடி உட்காரச் சொல்லி, அதன் பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று குனிந்து பார்த்தால், அங்கேயே சேர்த்துவிடலாம்.