தனி அறைக்கு மனு கொடுத்த பிறகு...

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் இரவு இரண்டு மணிவரை படிப்பான். எனக்கோ வெளிச்சத்தில் தூக்கம் வராது. வகுப்பில் கண் சொக்கியது. கண்பட்டை கட்டிப் பார்த்தேன். சென்னை வியர்வையில் நிற்கவில்லை. கட்டிலைத் திருப்பிப் போட்டும் பயனில்லை. தனி அறை கேட்டு வார்டனிடம் மனு கொடுத்தேன். வாடகை ஏறக்குறைய இரட்டிப்பு. காலியாக இருந்த ஒரே அறையோ தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில். விடியுமுன்பே அது உறுமத் தொடங்கிவிடும்.

பிறகுதான் கவனித்தேன்: டியூப்லைட் என் கட்டிலுக்கு மேலே, அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நோட்டில் அவன் நிழலே விழுந்தது. அந்த வெளிச்சம் அவனுக்கும் உதவவில்லை! மேசை விளிம்பைக் கவ்வி நிற்கும் சிறிய எல்இடி விளக்கு வாங்கினோம். அவன் வலக்கையால் எழுதுபவன் என்பதால் இடப்பக்கம் பொருத்தினோம். கையின் நிழல் தாளில் விழாது. மஞ்சள் ஒளி தரும் விளக்காகப் பார்த்து வாங்குங்கள். நீலம் கலந்த வெள்ளை ஒளி தூக்கத்தைத் தள்ளிப்போடும். அன்றிரவே அயர்ந்து தூங்கினேன். மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.