ஏ.எல். தொடங்கும் தம்பி தங்கச்சிமாருக்கு

கம்பஸுக்கு வந்தபிறகு ஆரைக் கேட்டாலும் ஒரே கவலைதான் வெளியே வரும். ஏ.எல். (இலங்கையில் பல்கலைக்கழகத்துக்குமுன் எழுதும் உயர்தரப் பரீட்சை) காலத்தில் வகுப்பில் இருந்த நேரம் எக்கச்சக்கம், தனிய இருந்து செய்து பார்த்த நேரம் மிகக் குறைவு. இந்தக் கணக்கைத் திருத்தத்தான் இதை எழுதுகிறோம். மற்ஸ் (கணிதம்), பயோ (உயிரியல்) பிரிவுப் பிள்ளைகளைக் கூடுதலாக மனதில் வைத்து எழுதியது. கலை, வர்த்தகம், தொழில்நுட்பம் படிக்கிறவர்களுக்கும் பேப்பர் செய்யும் முறையும் விண்ணப்பப் பகுதியும் அப்படியே பொருந்தும்.

பாடம் எடுக்கமுதல்

எந்தப் பாடம் எடுத்தால் எந்தக் கதவு பூட்டுப்படும் என்பதை முதலே பாருங்கள். பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். இரசாயனம் கஷ்டம் என்று ஐ.சி.ரி. (தகவல் தொழில்நுட்பம்) எடுத்தால் கணினி சார்ந்த சில படிப்புகள் இருக்கும், பொறியியல் கைவிட்டுப் போய்விடும். மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தவருக்கு மருத்துவம் இல்லை. தொழில்நுட்பத் துறையில் படித்துப் பெறும் பொறியியல் தொழில்நுட்பப் பட்டமும் பொறியியல் பட்டமும் வேறு வேறு. சட்டத்துக்கு எந்தத் துறையில் இருந்தும் போகலாம், இது பலருக்குத் தெரியாது.

இவையெல்லாம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் கைந்நூலில் இருக்கின்றன. எல்லோரும் அதை றிசல்ட் வந்தபிறகுதான் விரிக்கிறார்கள். ஓ.எல். (சாதாரண தரம்) முடிந்த கையோடு ஒருமுறை, அம்மா அப்பாவையும் பக்கத்தில் இருத்தி, வாசித்துவிடுங்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை பயோ, நீயும் பயோ" என்ற கதைக்கு அந்தப் புத்தகத்தைவிட நல்ல பதில் கிடையாது.

இசட் புள்ளி எப்படி வேலை செய்கிறது

பல்கலைக்கழகத்துக்கு ஆட்களைத் தெரிவது இசட் புள்ளியை வைத்துத்தான். ஒவ்வொரு பாடத்திலும் உங்கள் புள்ளி நாட்டின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவு) வகுத்து எடுப்பதுதான் அந்தப் பாடத்தின் இசட். மூன்று பாடத்தின் சராசரிதான் உங்கள் இசட் புள்ளி. ஒருவருக்கு 1.8, 1.6, 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள், சராசரி 1.2. இன்னொருவருக்கு மூன்றிலும் 1.3, அவர் முன்னுக்கு நிற்பார். பிடித்த பாடத்தில் இன்னும் ஐந்து புள்ளி கூட்ட மாதக்கணக்கில் மினக்கெடுவதைவிட, பயந்து ஒதுக்கிய பாடத்தைத் தூக்கி நிறுத்துவது சுகம். ஒவ்வொரு தவணைச் சோதனைக்குப் பிறகும் ஆகக் குறைந்த பாடத்துக்கு அடுத்த தவணையில் கிழமைக்கு நான்கு மணித்தியாலம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

ஏ.எல். பாடங்களோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சை இசட்டில் சேராது. ஆனால் அதில் குறைந்தது 30 புள்ளி இல்லாவிட்டால் மூன்று ஏ எடுத்தாலும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. பழைய பேப்பர் ஐந்தாறு செய்தாலே போதும். செய்யாமல் மட்டும் போகாதீர்கள்.

ரியூசன்

பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். மூன்று மணிக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வகுப்பு, ஐந்தரைக்கு நல்லூரில் இன்னொன்று, சைக்கிளை உழக்கி வீட்டுக்கு வர எட்டு மணி. இதை நாள் முழுக்கப் படித்ததாகத்தான் உடம்பு சொல்லும். உண்மையில் அன்றைக்கு ஒரு கணக்குக்கூட நீங்களாகச் செய்திருக்கமாட்டீர்கள். சேர் பலகையில் செய்யும்போது எல்லாம் விளங்கும். விளங்குவது வேறு, வெறும் தாளில் முதல் வரியை எழுதுவது வேறு.

ஒரு பாடத்துக்கு ஒரு ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தியரிக்கு ஒருவர், பேப்பருக்கு இன்னொருவர், றிவிசனுக்கு மூன்றாமவர் என்று ஓடினால் மூன்று விதக் குறியீடு, மூன்று கொப்பி, ஒன்றும் முழுதாக முடியாது. இரண்டு மணித்தியால வகுப்புக்கு ஒன்றரை மணித்தியாலம் தனிவேலை, அதுவும் இரண்டு நாளுக்குள். அதற்கு இடமில்லாவிட்டால் ஒரு வகுப்பை நிற்பாட்டவேண்டியதுதான். நிற்பாட்டப் பயமாக இருந்தால் ஒரு மாதம் மட்டும் நிற்பாட்டி, அந்த நேரத்தில் அதே அலகைத் தனியே செய்து, அடுத்த சோதனைப் புள்ளியைப் பார்த்து முடிவெடுங்கள்.

நோட்ஸ் தேடி அலையவும் தேவையில்லை. தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டம், ஆசிரியர் வழிகாட்டி, வளநூல்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. பேப்பர் எடுப்பவர்களும் பாடத்திட்டத்துக்குள் நின்றுதான் கேட்கவேண்டும். ரியூசனில் படிப்பித்த ஒன்று பாடத்திட்டத்தில் இல்லையென்றால் அதில் நேரம் போக்காதீர்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலடி வீதிகள் பூட்டியிருக்கும், வகுப்புகளும் குழம்பும். அந்த நாட்களை விடுமுறையாக விடாமல் தனிவேலைக்கென்று முதலே திட்டமிடுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி என்றால் பொது நூலகத்து வாசிப்பு மேசை கைகொடுக்கும்.

பேப்பர் செய்வது

கடைசி ஆறு மாதத்துக்கென்று பாஸ்ட் பேப்பரை ஒதுக்கி வைப்பதுதான் ஆகப் பெரிய பிழை. ஒரு அலகு முடிந்ததும் அந்த அலகில் கடந்த பத்து வருடம் வந்த கேள்விகளைப் பிரித்தெடுத்துச் செய்யத் தொடங்குங்கள். முழுப் பேப்பரை நேரம் வைத்துச் செய்யத் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பேப்பர்களைப் பயன்படுத்தினால், உண்மையான பாஸ்ட் பேப்பர்கள் கடைசிக்குப் புதிதாகவே மிஞ்சும்.

செய்யும் முறை இது. நோட்ஸை மூடி, போனை மற்ற அறையில் வைத்து, மணிக்கூட்டைப் பார்த்துத் தொடங்குங்கள். இரசாயனவியல் இரண்டாம் பேப்பரில் மூன்று மணித்தியாலத்துக்கு நான்கு அமைப்புக் கட்டுரையும் (சிறு பகுதிகளாகப் பிரித்துக் கேட்கும் கேள்வி) நான்கு கட்டுரையும். அமைப்புக் கட்டுரைக்கு 17 நிமிடம், கட்டுரைக்கு 26 நிமிடம் என்று பிரித்தால் கடைசியில் சரிபார்க்கக் கொஞ்சம் மிஞ்சும். இறுகினால் இடம் விட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள், விடையைத் திறக்கவேண்டாம். விடையைப் பார்த்த நிமிடமே "இது தெரிந்ததுதானே" என்று மனம் சொல்லும், அந்தக் கேள்வி அதோடு பழுது.

முடிந்ததும் சிவப்புப் பேனையும் புள்ளித்திட்டமும். பிறத்தியார் பேப்பர் திருத்துவதுபோல் இரக்கமில்லாமல் திருத்துங்கள். இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் காரணம் எழுதவேண்டும்: தெரியாது, தெரிந்தும் எழுதவில்லை, கவனப்பிழை, நேரம் போதவில்லை. "தெரியாது" என்றால் பாடத்துக்குத் திரும்பவேண்டும். மற்ற மூன்றுக்கும் இன்னொரு வகுப்புப் போய் பிரயோசனமில்லை. பிழைத்த கேள்வியின் வருடத்தையும் இலக்கத்தையும் தனிக் கொப்பியில் குறித்து, ஒரு கிழமையால் ஒருமுறை, ஒரு மாதத்தால் இன்னொருமுறை வெறும் தாளில் செய்யுங்கள்.

புள்ளித்திட்டத்தோடு பழகினால் புள்ளி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். இணைந்த கணிதத்தில் படிக்குப் படி புள்ளி. சாய்தளக் கணக்கில் விசைப்படம் கீறாமல் நேரே சமன்பாட்டுக்குப் பாய்ந்தால் படத்துக்குரிய புள்ளியும் போகும், உராய்வின் திசை பிழைத்து மிச்சமும் போகும். வெப்ப இரசாயனத்தில் சமன்பாட்டுக்குப் பக்கத்தில் திண்மமா, திரவமா, வாயுவா என்று குறிக்காமல் விடுவது இன்னொரு ஓட்டை. உயிரியல் கட்டுரையில் சொல்லவேண்டிய விடயங்களுக்குத்தான் புள்ளி, நீட்டி முழக்கிய முன்னுரைக்கு ஒன்றுமில்லை.

இணைந்த கணிதத்தில் ஏ பகுதி 10 கேள்வி, ஒவ்வொன்றும் 25. பி பகுதியில் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றும் 150. ஏ பகுதிக்கு 50 நிமிடம், பி பகுதிக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம். வாசிப்பதற்குத் தரும் 10 நிமிடத்தில் எந்த ஐந்தைச் செய்வது என்று தெரிவுசெய்துவிடவேண்டும். ஒரு பி கேள்வி வந்துவிடும் வந்துவிடும் என்று முக்கால் மணித்தியாலம் இழுத்தால், முடிவில் கைவைக்காமல் கிடப்பது சுகமான ஏ கேள்விகளாகத்தான் இருக்கும்.

பௌதிகவியல், இரசாயனவியல் எம்.சி.கியூ. (பல்தேர்வு) 50 கேள்வி, இரண்டு மணித்தியாலம். முதல் 70 நிமிடத்தில் தெரிந்ததை எல்லாம் முடித்து, அடுத்த 40 நிமிடம் விட்டதுக்கு, கடைசிப் 10 நிமிடம் விடைத்தாளில் இலக்கம் மாறிப் போட்டிருக்கிறதா என்று பார்க்க.

இன்னொன்று, போனில் கல்குலேற்றர் தட்டிப் பழகாதீர்கள். சோதனையில் மடக்கை அட்டவணைதான். 0.0045 இன் வர்க்கமூலம் வேண்டுமென்றால் மடக்கை 3 பார் .6532 (அதாவது −3 + 0.6532). இதை அப்படியே இரண்டால் பிரிக்கமுடியாது, பார் இலக்கம் ஒற்றை. அதனால் 4 பார் கூட்டல் 1.6532 என்று மாற்றிப் பிரிக்க 2 பார் .8266 வரும், விடை 0.0671. இந்த மாற்றத்தை விட்டுவிட்டு எத்தனையோ பேர் சரியான முறைக்குப் பிழையான விடை எழுதுகிறார்கள். ஏ.எல். தொடங்கிய நாளிலிருந்தே அட்டவணையோடு கணக்குச் செய்தால் சோதனையில் கை தானாக ஓடும்.

ஆங்கிலம்

மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் எல்லாம் கம்பஸில் ஆங்கிலத்தில்தான். தமிழில் ஏ எடுத்த பிள்ளை முதல் மாதம் விரிவுரையில் திகைத்துப்போய் இருப்பது பாடம் தெரியாமல் இல்லை, சொல் தெரியாமல். உந்தம் தெரியும், மொமென்டம் என்றால் யோசிக்கவேண்டும். வீழ்படிவு தெரியும், பிரெசிப்பிற்றேற் என்றால் முழிக்கவேண்டும். ஓ.எல். முடிந்து ஏ.எல். தொடங்கும்வரை உள்ள இடைவெளியில் ஒவ்வொரு நாளும் 30 நிமிடம் ஒதுக்குங்கள். பிறகு ஒரு அலகு தமிழில் முடிந்ததும் அதே வளநூலின் ஆங்கிலப் பதிப்பில் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். விடயம் ஏற்கெனவே தெரியுமென்பதால் மொழி தானாக இறங்கும். பாடவாரியாகச் சொற்கொப்பி ஒன்று, நாளுக்கு ஐந்து சொல். தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. சோதனையை விளங்கிய மொழியில் எழுதுவதுதான் புத்தி.

றிசல்ட் வந்தபிறகு

விருப்ப வரிசை நிரப்புவதில் நல்ல இசட் உள்ளவர்களே சறுக்குகிறார்கள். உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் இசட் எட்டும் முதல் படிப்பைத்தான் தருவார்கள். மேலே எட்டாத ஒன்றைப் போட்டால் கீழே உள்ளது பாதிக்கப்படாது. ஆகவே கிடைக்குமோ கிடைக்காதோ என்று யோசித்து ஒழுங்கு மாற்றாமல், எது உண்மையில் வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். யாழ்ப்பாண மாவட்டத்து முந்தைய வருட வெட்டுப்புள்ளியை (அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த இசட்) பட்டியலின் நடுவும் அடியும் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று தீர்மானிக்க மட்டும் பாருங்கள். மூன்று நான்கோடு நிற்பாட்டவேண்டாம். மொறட்டுவைக் கட்டடக்கலைபோல் உளச்சார்புப் பரீட்சை (அந்தப் படிப்புக்குப் பொருத்தமானவரா என்று பார்க்கும் தனிச் சோதனை) உள்ள படிப்புகளுக்கு அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும், அதன் முடிவுத் திகதியை வேறாகக் குறித்துவையுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் ஆங்கில எழுத்து வேறு வேறாக இருந்தால் ஏ.எல். விண்ணப்பம் போடமுதலே திருத்துங்கள். பதிவு நேரத்தில் பிரதேச செயலகத்துக்கு ஓட நாள் காணாது.

இசட் எட்டாவிட்டால் மூன்று தடவைவரை எழுதலாம், மூன்று பாடமும் ஒரே தடவையில் பாஸ் வேண்டும். திரும்ப எழுதுவதென்றால் பழைய வகுப்புகளில் முதலிலிருந்து குந்தவேண்டாம். பிழைக் கொப்பியை எடுத்து, "தெரியாது" என்று குறித்த அலகுகளுக்கு மட்டும் ஆசிரியரிடம் போங்கள், மிச்ச நேரம் முழுக்கப் பேப்பர். கூடவே கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரி, திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ் நிலையம், கோப்பாயில் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரி ஆகியவற்றின் விண்ணப்பத் திகதிகளையும் அதே நாட்காட்டியில் எழுதிவையுங்கள்.