தும்மினால் கசிகிறது, அடி இறங்குகிறது: சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் கசிகிறது. அல்லது கீழே ஏதோ இறங்கி வந்து அடைப்பது போல இருக்கிறது, குளிக்கும்போது கையில் தட்டுப்படுகிறது. இதற்கு நம் வீடுகளில் கிடைக்கும் பதில்கள் இரண்டுதான். ‘பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்’ என்பது ஒன்று. ‘பேசாமல் கர்ப்பப்பையை எடுத்துடு’ என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே நிறைய சிகிச்சைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் சொல்லாததால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை ஒரு தூளியைப் போலக் கட்டியிருக்கும் தசைகள்தான் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. பிரசவம், மாதவிடாய் நின்ற பிறகு குறையும் ஹார்மோன், உடல் பருமன், விடாத இருமல், மலச்சிக்கலோடு முக்குவது எல்லாம் அவற்றைத் தளர வைக்கும். தளர்ந்தால் சிறுநீர் கசியும், அல்லது இந்த உறுப்புகள் பிறப்புறுப்பு வழியே கீழே இறங்கும்; அதைத்தான் ‘அடி இறங்குவது’ என்கிறோம். சிசேரியன் ஆனவர்களுக்கும் வரும். கர்ப்ப காலத்துப் பாரமே போதும்.

பலரும் முதலில் செய்வது தண்ணீரைக் குறைப்பது. பஸ்ஸில் போகிறவர்கள், கழிப்பறை சரியில்லாத இடத்தில் வேலை பார்ப்பவர்கள் வேறு என்ன செய்வார்கள் என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி சிறுநீர்ப்பையை உறுத்தும், மலமும் இறுகும், முக்க வேண்டிவரும். குறைக்க வேண்டியது காபியும் டீயும். ‘எதற்கும் ஒருமுறை போய்விட்டு வந்துவிடுவோம்’ என்று அடிக்கடி போவதும் நல்லதல்ல. கொஞ்சம் சேர்ந்தாலே அவசரப்படுத்த சிறுநீர்ப்பை பழகிவிடும்.

எல்லாக் கசிவும் ஒன்றல்ல. இருமும்போது கசிவது தாங்குதசையின் பலவீனம். அவசரமாக முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் கசிந்துவிடுவது சிறுநீர்ப்பை தானாகச் சுருங்குவதால். இரண்டாவது வகைக்கு, போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும் பயிற்சியும் தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. அதே மாத்திரையைத் தும்மலில் கசிகிறவர் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாரென்று வாங்கிச் சாப்பிட்டால் வாய்தான் வறளும். மருத்துவரிடம் போவதற்கு முன் மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது என்ன குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது. கூடவே சிறுநீர்த் தொற்று, சர்க்கரை இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது, தாங்குதசைகளை இறுக்கித் தளர்த்தும் கெகல் பயிற்சி. யூடியூப் பார்த்துச் செய்து பார்த்துவிட்டு ‘ஒன்றும் பலனில்லை’ என்பவர்கள்தான் அதிகம். அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் இதை எழுதியபோது பயிற்சியை மட்டும் சொல்லவில்லை. சரியான தசைதான் இறுகுகிறதா என்று காட்ட உள்ளே வைத்துப் பார்க்கும் ஒரு கருவியும் வைத்திருந்தார். இன்று பயிற்சி எல்லோர் வாயிலும் இருக்கிறது, சரிபார்ப்பதுதான் காணாமல் போய்விட்டது. மேலே இழுக்க வேண்டியதைக் கீழே முக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றையும் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வாயு வெளியேறாமல் அடக்குவது போல உள்ளுக்குள் மேல்நோக்கி இழுக்க வேண்டும், பிறகு முழுசாகத் தளர்த்த வேண்டும். மூச்சு எப்போதும் போல ஓடட்டும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்தி இதைச் செய்யக் கூடாது. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது.

பிரிட்டனில் சிகிச்சை விதிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், ஒரு தடவைக்கு குறைந்தது 8 முறை இறுக்க வேண்டும், ஒரு நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம், அதுவும் பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் என்கிறது. இரண்டு வாரத்தில் விட்டவர் பயிற்சியைக் குறை சொல்ல முடியாது. தும்மல் வருவதற்கு ஒரு கணம் முன்னால் தசையை இறுக்கிக்கொள்ளும் பழக்கமும் உதவும். ஆனால் உடலுறவின்போது வலி, சிறுநீர் வர வெகுநேரம் ஆவது போன்றவை இருந்தால் தசை தளர்ந்திருக்காது, இறுகியிருக்கலாம். அவர்களுக்குக் கெகல் வலியைக் கூட்டிவிடலாம். முதலில் தளர்த்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சரி, அடி இறங்குவதற்கு வருவோம். லேசாக இறங்கி, தொந்தரவும் இல்லையென்றால் சிகிச்சையே தேவைப்படாது. அதிகமானால் சிலிகான் வளையம் இருக்கிறது. அளவு பார்த்து மருத்துவர் பிறப்புறுப்புக்குள் வைத்துவிடுவார். அறுவை சிகிச்சை தாங்காத பாட்டிகளுக்கு மட்டுமல்ல, இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கும் இது பொருந்தும். வைத்ததையே மறந்துவிடுவதுதான் ஆபத்து. சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துச் சுத்தம் செய்து பார்க்காவிட்டால் உள்ளே புண்ணாகும்.

கர்ப்பப்பையை எடுத்தால் எல்லாம் தீர்ந்தது என்பது எனக்கு மிகவும் கோபம் வரவைக்கும் நம்பிக்கை. இறங்கியது கர்ப்பப்பை, ஆனால் கெட்டது அதைப் பிடித்திருந்த தாங்கல். தாங்கலைச் சரிசெய்யாமல் எடுத்தால் பின்னாளில் பிறப்புறுப்பின் மேல்பகுதியே கீழே இறங்கிவரலாம். ‘எடுத்த பிறகு மேல்பகுதியை எதோடு சேர்த்துக் கட்டுவீர்கள் டாக்டர்?’ என்று கேளுங்கள். இளம் வயதென்றால் எடுக்காமலே தூக்கிக் கட்ட முடியுமா என்றும் கேளுங்கள். மும்பை மருத்துவர்கள் புரந்தரே, ஷிரோத்கர் பெயர்களிலேயே அப்படிப்பட்ட முறைகள் இருக்கின்றன. தாங்கலுக்காகச் செயற்கை வலை வைத்துத் தைப்பதாகச் சொன்னால், எங்கே, எந்த வழியாக என்று விசாரியுங்கள். இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் வலைகளின் விற்பனையை 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியாக வைப்பதும், கசிவுக்கு வைக்கும் பட்டையும் வேறு, அவை அந்த உத்தரவில் சேராது.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது, தண்ணீர்க் குடத்தையும் கேஸ் சிலிண்டரையும் இந்தத் தொந்தரவு உள்ளவர் தூக்காமல் பார்த்துக்கொள்வது. மாதவிடாய் நாப்கின் சிறுநீருக்கு ஆனதல்ல. ஈரம் தங்கித் தோல் புண்ணாகும். சிறுநீருக்கென்றே உள்ள பேடை வாங்கிக் கொடுங்கள். சிறுநீர் அறவே வராமல் அடைத்துக்கொண்டாலோ, இரத்தம் கலந்து வந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பிரசவக் கிழிசலுக்குப் பிறகு வாயுவோ மலமோ அடக்க முடியாமல் போவதைப் பலர் மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. அதற்கும் சிகிச்சை உண்டு, அதையும் சேர்த்தே சொல்லுங்கள். பெரிய அரசு மருத்துவமனையில் மகளிர் பிரிவில் காட்டினால், அங்கிருந்தே பிசியோதெரபி பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லலாம். பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்றும் தயங்காமல் கேட்கலாம்.