தனி ஜெபம் எப்படி ஆரம்பிக்கிறது? புதுசா தொடங்குறவங்களுக்கு

எங்க அப்பத்தா ஆர்.சி. தினமும் சாயங்காலம் திண்ணையில உக்காந்து செபமாலை சொல்லும், ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குப் போனா அந்தச் சிவப்பு மண்ணைத் துணியில முடிஞ்சு எடுத்துட்டு வரும். நான் கல்யாணமாகி காரைக்குடிக்கு வந்து சி.எஸ்.ஐ. சபையில சேர்ந்தவ. ரெண்டு வீட்டுலயும் ஜெபத்துக்குக் குறைச்சல் இல்ல, ஆனாலும் தனியா உக்காந்து ஆண்டவர்கிட்ட பேசுறதுன்னா என்னன்னு ரொம்ப வருசம் எனக்குத் தெரியாது, குடும்ப ஜெபத்துல மத்தவங்க ஜெபிக்க நான் ஆமென் சொல்லிட்டு எந்திரிச்சிருவேன். போன வாரம் சபைக்குப் புதுசா வந்த ரெண்டு பொண்ணுங்க "எப்படிக்கா ஆரம்பிக்கிறது"ன்னு கேட்டாங்க. அவங்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விவரமா எழுதுறேன்.

1. முதல்ல ஒரு இடம் பிடிங்க

மத்தேயு 6:6-ல இயேசு, உன் அறை வீட்டுக்குள்ள போயி கதவைப் பூட்டிட்டு ஜெபம் பண்ணுன்னு சொல்றாரு. அந்த 'அறை வீடு'ங்கிற இடத்துல வர்ற கிரேக்க வார்த்தைக்கு சாமான் போட்டு வைக்கிற உள்ளறைன்னும் அர்த்தம் உண்டு. இதைத் தெரிஞ்சுக்கிட்டப்ப எனக்குக் கானாடுகாத்தான்ல இருக்குற என் தோழி வீடுதான் கண்ணுக்குள்ள வந்துச்சு. வளவைச் சுத்தி வரிசையா அறைங்க, ஒரு அறைக்குள்ள போனா ஒரே இருட்டு, அரிசி மூட்டையும் பித்தளை அண்டாவும் புளிப் பானையுமா அடுக்கி வச்சிருப்பாங்க, அந்தத் தேக்குக் கதவைச் சாத்திட்டா முற்றத்துல பேசுற சத்தம்கூட லேசாத்தான் கேக்கும். இயேசு காட்டுன இடம் அது மாதிரி இடம்தாங்க! ஜெபத்துக்குன்னு தனி ரூம் கட்டணும்னு அவர் சொல்லல, அரிசி பருப்பு இருக்குற அறையே போதும்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.

நாங்க இருக்குறது பழைய வீட்டுல வாடகைக்கு ஒரு போர்ஷன். என் இடம் அடுப்படியை ஒட்டி அரிசி டிரம்முக்குப் பக்கத்துல, ஆத்தங்குடி கல்லு பதிச்ச தரை, அதுல ஒரு கோரைப்பாய், ஒரு ஸ்டூல் மேல பைபிள். அவ்வளவுதான். ஆனா தினமும் அதே இடத்துல உக்காருங்க, கொஞ்ச நாள்ல அந்தப் பாயை விரிக்கும்போதே மனசு அடங்க ஆரம்பிக்கும்.

2. பத்து நிமிசம் மட்டும்

இயேசு இருட்டோட எந்திரிச்சு வனாந்தரமான இடத்துக்குப் போயி ஜெபம் பண்ணுனாருன்னு மாற்கு 1:35-ல இருக்கு. அதைப் படிச்சிட்டு நாளையில இருந்து நாலு மணிக்கு எந்திரிக்கிறேன்னு கிளம்பாதீங்க, ஒரு வாரத்துல நின்னுரும். ஒருத்தர் என்கிட்ட ஒரு மணி நேரத்துக்குக் குறைஞ்சா அது ஜெபமே இல்லன்னு சொல்லி, அதைக் கேட்டு பயந்தே நான் ரெண்டு வருசம் ஆரம்பிக்காம இருந்தேன், அந்த ரெண்டு வருசத்தை நினைச்சா இப்பவும் மனசு வலிக்குது. அதனால சொல்றேன், பத்து நிமிசம். எப்படியும் தினமும் செய்யிற ஒரு வேலையோட சேர்த்துக்கோங்க. எனக்கு பால்காரர் வர்றதுக்கு முன்னாடி, உங்களுக்கு பிள்ளைங்களை ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டதுக்கு அப்புறமா இருக்கலாம். போனை வேற ரூம்ல வச்சிருங்க.

3. என்ன பேசுறதுன்னு தெரியலைன்னா

சீஷர்களுக்கும் தெரியல, எங்களுக்கும் ஜெபம்பண்ணச் சொல்லிக்கொடுங்கன்னு அவங்களே போயி கேட்டாங்க (லூக்கா 11:1). அதுக்குக் கிடைச்ச பதில்தான் பரமண்டல ஜெபம். அதை ஒரே மூச்சுல சொல்லிப் பழகிட்டோம் இல்லையா, இப்ப ஒவ்வொரு வரியா நிறுத்திச் சொல்லிப் பாருங்க. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்"னு சொல்லிட்டு நிறுத்துங்க. இன்னைக்கு உங்க வீட்டுக்கு என்ன வேணும்? கேஸ் தீரப் போகுதா, சம்பளம் வர இன்னும் ஆறு நாள் இருக்கா, அதைச் சொல்லுங்க. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்"னு வரும்போது யார் முகம் ஞாபகம் வருதோ அவங்க பேரைச் சொல்லுங்க, இது கஷ்டம், எனக்கு ஒரு பேரைச் சொல்ல பல மாசம் ஆச்சு.

4. தேதியைப் பார்த்து சங்கீதம்

சங்கீதம்னா பைபிள்ல இருக்குற ஜெபப் பாட்டு. மொத்தம் 150 சங்கீதம், மாசத்துக்கு 30 நாள், அப்ப ஒரு நாளைக்கு அஞ்சு வருது. தேதியோட 30, 30-ஆ கூட்டிக்கிட்டே போங்க. இன்னைக்கு 13-ம் தேதின்னா 13, 43, 73, 103, 133. அஞ்சையும் படிக்கணும்னு இல்ல, ஒண்ணை எடுத்து வாய்விட்டுப் படிங்க, அதையே உங்க ஜெபமா ஆக்கிக்கோங்க. 29-ம் தேதியில வர்ற 119 ரொம்பப் பெருசு, 176 வசனம், அதை 31-ம் தேதிக்கு வச்சுக்கலாம்.

அந்த 13-ம் தேதியையே பாருங்களேன். 13-ம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?"னு ஆரம்பிக்குது, 103 "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி"ன்னு ஆரம்பிக்குது. ரெண்டும் ஒரே பைபிள்ல, ரெண்டும் ஜெபம்தான். ஆண்டவர்கிட்ட கோபமா, அழுதுக்கிட்டு பேசக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்த எனக்கு இது பெரிய விடுதலையா இருந்துச்சு, மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டு வாயில ஸ்தோத்திரம் மட்டும் சொல்லிக்கிட்டு இருக்க வேண்டாம்.

5. மனசு ஓடும்

ஓடத்தான் செய்யும். கண்ணை மூடுனதும் ஊறப்போட்ட உளுந்து, கரண்ட் பில்லு, நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தை எல்லாம் வரும். அதை விரட்டிக்கிட்டே இருந்தா பத்து நிமிசமும் அதுலயே போயிரும். எது வருதோ அதையே ஆண்டவர்கிட்ட சொல்லிட்டு விட்ட வரிக்குத் திரும்பி வந்துருங்க. தூக்கம் வந்தா நின்னுக்கிட்டோ நடந்துக்கிட்டோ ஜெபிங்க.

6. ஒரு நோட்டு

நாப்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் தேதி, யாருக்காக, என்ன கேட்டேன். வலது பக்கத்தைக் காலியா விட்டுருங்க, பதில் வரும்போது அதுக்கும் தேதி போட்டு எழுதுங்க. என் நோட்டுல பக்கத்து வீட்டு அம்மாவோட கண் ஆபரேஷனுக்கு வலது பக்கம் பதினோரு நாள்ல நிரம்பிருச்சு. என் தம்பி குடியை விடணும்னு எழுதுன வரிக்கு எதிர்ல மூணு வருசமா இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு. ஆனா அந்த வரியை நான் அடிக்கல. சோர்ந்துபோகாம எப்பவும் ஜெபம்பண்ணணும்னு சொல்றதுக்காகத்தான் இயேசு லூக்கா 18-ல அந்த விதவையோட கதையைச் சொன்னாரு, அவ நியாயம் கேட்டு நியாயாதிபதிகிட்ட திரும்பத் திரும்பப் போயி நிக்கிறா. நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பக்கத்தைத் திறந்து அவன் பேரைச் சொல்றேன். நீங்களும் முதல் பக்கத்துல ஒரே ஒரு பேரை எழுதி ஆரம்பிங்க.