அம்பாசடர் டெம்பரேச்சர் சென்சரில் கூலன்ட் கசிந்தால்

பழைய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் டெம்பரேச்சர் சென்சர் சிலிண்டர் ஹெட்டின் முன்பகுதியில், தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் கூட்டை) ஒட்டி இருக்கும். அதைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குப் படிந்திருந்தால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கசிந்து காய்ந்திருக்கிறது. உடனே சென்சரைக் கழற்றிவிட வேண்டாம். மேலே ஹவுசிங்கின் காகித கேஸ்கெட் விட்டுப்போனாலும் தண்ணீர் வழிந்து அங்கேதான் வந்து நிற்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது இரண்டு இடத்தையும் துடைத்துக் காயவைத்து, முகப் பவுடரைத் தூவி, ஸ்டார்ட் செய்து சூடாக விடுங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு.

சென்சர்தான் என்று உறுதியானால் எஞ்சின் முழுக்க ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மட்டம் ஹெட்டுக்குக் கீழே இறங்கும்வரை சுமார் 2 லிட்டர் வடியுங்கள். கூலன்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. நாயோ பூனையோ நக்கிவிடாமல் வாளியை மூடி வையுங்கள்.

ஒற்றை ஒயர் கொண்ட எலெக்ட்ரிக் சென்சர் என்றால் ஒயரை உருவிவிட்டு, சரியாகப் பொருந்தும் பாக்ஸ் ஸ்பேனரால் கழற்றலாம். டாஷ்போர்டிலிருந்து மெல்லிய குழாய் வரும் பழைய வகையில் நட்டு மட்டுமே சுழல வேண்டும். நட்டோடு குழாயும் முறுக்கிக்கொண்டு வந்தால் நிறுத்துங்கள். குழாய் ஒடிந்தால் உள்ளிருக்கும் ஈதர் வெளியேறி டெம்பரேச்சர் மீட்டரே வீண். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். அந்த ஈதர் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் தீ காட்டிச் சூடாக்கவே கூடாது.

கழற்றியதும் சென்சர் ஹெட்டில் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள், வேலையின் உயிரே அதுதான். மரை நுனி நோக்கிச் சிறுக்காமல் நேராக இருந்தால் அது பிடித்துக்கொள்ள மட்டுமே; தண்ணீரைத் தடுப்பது மரைக்கு மேலே, ஹெட்டில் அழுந்தி உட்காரும் முகம். முகம் கூம்பாகச் சரிந்திருந்தால் வாஷர் போடாதீர்கள். போட்டால் கூம்பு தன் இடத்தில் படியாமல் தூக்கி நிற்கும். முகம் தட்டையாக இருந்தால் செம்பு வாஷர் வேண்டும். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிப்போயிருக்கும். புதிது கிடைக்காவிட்டால் பழையதை அடுப்பில் மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும். ஹெட்டில் படிந்த பொருக்கை மரக்குச்சியாலும் துணியாலும் எடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் ஒரே கீறலில் புதிய கசிவு பிறக்கும்.

நேர் மரையில் டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முகம் சரியில்லாத கசிவை அது நிறுத்தாது. அதோடு ஒற்றை ஒயர் சென்சருக்கு எர்த் கிடைப்பதே அதன் உடல் வழியாகத்தான். தடிமனாகச் சுற்றினால் எஞ்சின் கொதிக்கும்போதும் மீட்டர் முள் குளிர்ந்த பக்கமே நிற்கலாம். மாட்டியபின் மல்டிமீட்டரில் சென்சர் உடலுக்கும் எஞ்சினுக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும்.

கையால் முட்டும்வரை திருகி, ஸ்பேனரால் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். சென்சர் பித்தளை, ஹெட் வார்ப்பிரும்பு. முறுக்கினால் ஒடிவது பித்தளைதான்.

கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து மெதுவாக நிரப்புங்கள். மூடியைத் திறந்தே வைத்து ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடாகும்வரை காற்றுக் குமிழ்கள் வெளியேறட்டும். சென்சரைச் சுற்றிக் காற்று நின்றால் முள் குறைவாகவே காட்டும். ரேடியேட்டர் மூடியில் அச்சிட்ட அழுத்தத்தையும் பாருங்கள். இன்றைய கார்களின் 13, 15 பி.எஸ்.ஐ. மூடியை மாட்டியிருந்தால் பழைய மூட்டுகள் ஒவ்வொன்றாகக் கசியும்.

சூட்டில் பித்தளை இரும்பைவிட அதிகம் விரிவதால் ஓடும்போது அடைபட்ட கசிவு ஆறியபின் திறந்துகொள்ளலாம். அதனால் அடுத்த இரண்டு நாள் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், சென்சரின் அடியில் விரலை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.