டவர் இல்லாத காட்டு ரோட்டில் வண்டி நின்றுவிட்டால்

சத்தியமங்கலத்திலிருந்து ஆசனூர், தாளவாடி, கேர்மாளம் பக்கம் 17 வருடமாகப் பிக்கப் ஓட்டுகிறேன். மேலே போகும்போது மளிகைச் சரக்கு, இறங்கும்போது முட்டைக்கோஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு. பண்ணாரி செக்போஸ்ட் தாண்டி 27 கொண்டை ஊசி வளைவு ஏறித் திம்பம் போகிற ரோடு தேசிய நெடுஞ்சாலை. பகலில் அங்கே வண்டி நின்றால் கொஞ்ச நேரத்தில் யாராவது வந்துவிடுவார்கள். ஆசனூர் தாண்டி, அரேபாளையம் பிரிவில் கொள்ளேகால் ரோட்டுக்குத் திரும்பிவிட்டால் நிலைமை வேறு. இரண்டு பக்கமும் புலிகள் காப்பகக் காடு. பெரும்பாலான இடத்தில் போனில் டவர் இருக்காது. எதிரில் ஒரு வண்டி வர அரை மணி நேரம்கூட ஆகும்.

2015 ஐப்பசியில் அந்த ரோட்டில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். கேர்மாளத்தில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது ரேடியேட்டரின் கீழ் ஓஸ் வெடித்துவிட்டது. மணி ஐந்தாகப் போகிறது. அந்த ஓஸ் ஒரு வாரமாகவே உப்பியிருந்தது எனக்குத் தெரியும், அடுத்த நடை போய் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். கடைசி பஸ் போய்விட்டது. கூட இருந்த பையனுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு லிட்டர் தண்ணீர். இருட்டின பிறகு பக்கத்துப் பள்ளத்தில் மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் முதல் பஸ் வந்துதான் எழுந்து வெளியே வந்தோம். காயம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. நான் கொள்ளேகாலில் தங்கிவிட்டதாக வீட்டில் நினைத்திருந்தார்கள். சரக்கு வாங்கிய கடைக்காரர் நான் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன் என்று நினைத்திருந்தார். எங்களைத் தேட ஒருவரும் கிளம்பவில்லை, கிளம்புவதற்குக் காரணமே இல்லை. அதனால் ஸ்பேனர், ஜாக்கி பற்றிப் பேசுவதற்கு முன் ஆட்களைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

கிளம்புவதற்கு முன் ஒரே ஒருவரிடம் முழு விவரமும் சொல்லுங்கள். பத்துப் பேருக்கு வாட்ஸ்அப்பில் போட்டால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று பத்துப் பேரும் இருந்துவிடுவார்கள். அந்த ஒருவருக்குத் தெரிய வேண்டியது எந்த ரோடு, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன், எத்தனை மணிக்கு மேல் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என் வீட்டுக் காலண்டர் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வண்டி நம்பர், நிறம், ஆசனூர் போலீஸ் ஸ்டேஷன், வனத்துறை அலுவலகம், எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஆகியோரின் நம்பர்கள் எல்லாம் அதில் உண்டு. "ஏழு மணிக்கு வந்துடுவேன், ஒன்பதுக்கு மேல போன் வரலைன்னா முதல்ல மெக்கானிக்கைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியை எடுப்பேன். வழி மாறினால், டவர் இருக்கிற கடைசி இடத்தில் நிறுத்தி அதையும் சொல்லிவிடுவேன்.

அந்தக் கடைசி இடம் எது என்பதை ஒவ்வொரு ரோட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அங்கே வந்ததும் டேஷ்போர்டில் இருக்கும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவது என் பழக்கம். காட்டு ரோட்டில் எல்லா வளைவும் ஒரே மாதிரி இருக்கும். வண்டி நின்ற பிறகு "எங்கே நிக்கறீங்க" என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ட்ரிப் மீட்டர் 11.4 காட்டினால், பூஜ்யமாக்கின இடத்திலிருந்து 11 கிலோமீட்டர் தாண்டி நிற்கிறேன் என்று சொல்லிவிடலாம். தேடி வருகிறவருக்கு அது பெரிய உதவி.

அப்புறம் ஒரு சின்ன நோட்டும் இரண்டு பேனாவும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். டவர் இல்லாத இடத்தில் நமக்குத் தபால்காரர் அடுத்து வருகிற வண்டிதான். வாயால் சொல்லி அனுப்பினால் சேதி மாறிப்போகும். "கேர்மாளம் ரோட்டுல ஒரு வண்டி நிக்குதுங்க" என்பது மட்டும்தான் கீழே போய்ச் சேரும், மெக்கானிக்கும் வெறுங்கையோடு வந்து நிற்பார். ஒரு தடவை பஸ் டிரைவர் நிறுத்தி, "என்னங்க தம்பி, வண்டி மக்கர் பண்ணுதுங்களா?" என்று கேட்டார். நான் சீட்டை நீட்டினேன். அதில் இப்படி எழுதியிருந்தேன்: "வெள்ளை பிக்கப், வண்டி நம்பர் இது. அரேபாளையம் பிரிவிலிருந்து கேர்மாளம் ரோட்டில் 11 கி.மீ. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. 2 பேர், காயம் இல்லை. மணி 3.20. இந்த நம்பருக்குப் பேசி, பெல்ட் எடுத்து வரச் சொல்லவும். வண்டியை விட்டு எங்கேயும் போக மாட்டோம்." அவர் ஆசனூர் போனதும் பேசியிருக்கிறார், மெக்கானிக் பெல்ட்டோடு வந்துவிட்டார். ஒரே சீட்டோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பக்கம் போகிற வண்டிக்கு ஒன்று, இந்தப் பக்கம் போகிற வண்டிக்கு ஒன்று. அரசு பஸ் கிடைத்தால் அதுவே நல்லது, அது எங்கே எப்போது போய்ச் சேரும் என்பது தெரியும். வனத்துறை செக்போஸ்ட்டில் வாக்கி டாக்கி இருக்கும். போன் எடுக்காத இடத்திலும் அதில் சேதி போகும்.

வண்டியில் என்ன பார்க்க வேண்டும்

எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னால் யாரும் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். காட்டு ரோட்டில் வண்டி நிற்பது பெரும்பாலும் டயர், தண்ணீர், பெல்ட், பேட்டரி இந்த நான்கால்தான். போவதற்கு முந்தின நாள், எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். அப்போதுதான் கோளாறு தெரிந்தால் சரிபண்ண நேரம் இருக்கும்.

ஓஸை விரலால் அழுத்திப் பாருங்கள். வாழைப்பழம் மாதிரிக் கொழகொழ என்று இருந்தாலும் சரி, காய்ந்துபோய் நறநற என்று இருந்தாலும் சரி, மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. கிளாம்ப் பக்கத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அந்த இடத்தில் கசிகிறது. பெல்ட்டைத் திருப்பி உட்பக்கத்தைப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தெரியும். பேட்டரி டெர்மினலில் பூத்திருப்பதை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, இறுக்கி, கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள்.

டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற மேடுகள், தேய்ந்திருப்பதைப் பார்க்கிறவர்கள் வயதைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர். ஸ்டெப்னியில் இதைக் கட்டாயம் பாருங்கள். ஓடாமல் புதிது போலத் தெரியும், ஆனால் ரப்பர் வெடித்திருக்கும். மாதம் ஒரு தடவை ஸ்டெப்னிக்கும் காற்றுப் பிடியுங்கள். இன்னொன்று, காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் சிறிய வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020ல் விதியை மாற்றிவிட்டார்கள். புதுக் கார் வாங்கினவர்கள் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் கிழிந்த டயரை அந்தக் கிட்டால் ஒட்ட முடியாது.

டீசலோ பெட்ரோலோ, பாதி டேங்குக்குக் கீழே வைத்துக்கொண்டு காட்டுக்குள் நுழையாதீர்கள்.

எடுத்துப் போக வேண்டியவை

என் சாமான்கள் எல்லாம் 20 லிட்டர் பெயிண்ட் டப்பா ஒன்றில் இருக்கும். ஓடையில் தண்ணீர் எடுக்கவும் அதே டப்பா உதவும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஒரு சதுரப் பலகைத் துண்டு, இரண்டு ஆப்புக் கட்டை, என் வண்டி ஓஸுக்கு அளவான கிளாம்ப் நான்கு, பழைய பெல்ட் ஒன்று, எல்லா அளவிலும் ஃபியூஸ், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், எம்சீல், ஜம்பர் கேபிள், இழுக்கிற கயிறு, நெற்றியில் கட்டுகிற டார்ச். புது பெல்ட் மாற்றும்போது, கழற்றினது அறுந்திருக்காவிட்டால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஆபத்துக்கு அது ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும். வண்டிக்கு 10 லிட்டர் தண்ணீர், ஆட்களுக்குத் தனியாக 5 லிட்டர். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றக் கூடாது. பொரி, கடலை, வெல்லம், ஒரு கம்பளி, வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ஒரு நாளைக்கான மாத்திரை கூடுதலாக.

கூடவே ஒரு பழைய சைக்கிள் டியூப். இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டிச் சுருட்டி வைத்திருக்கிறேன். அந்த ராத்திரி இது என்னிடம் இருந்திருந்தால் எட்டு மணிக்கே வீட்டில் இருந்திருப்பேன். ஓஸ் வெடித்தால் முதலில் எஞ்சினை நிறுத்தி, குறைந்தது அரை மணி நேரம் ஆற விடுங்கள். அதற்கு முன் ரேடியேட்டர் மூடியில் கை வைத்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். ஆறினதும் ஓஸை நன்றாகத் துடைத்து ஈரம் போக்குங்கள். வெடிப்புக்கு நான்கு விரல் தள்ளித் தொடங்கி, டியூப்பை இழுத்து இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் மேல் பாதி ஏறும்படி இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கமும் நான்கு விரல் தாண்டி முடியுங்கள். இரண்டு முனையிலும் கட்டுக்கம்பியால் முறுக்கிவிடுங்கள். தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மூடியை முதல் பூட்டு வரைக்கும் மட்டும் திருகினால் உள்ளே அழுத்தம் ஏறாது, ஒட்டுப் போட்ட இடம் தாங்கும். ஏசியைப் போடாமல், சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போய், நடுவில் நிறுத்தித் தண்ணீர் பார்த்துப் போகலாம். இந்த முறையில் நான் இரண்டு தடவை ஆசனூர் வந்து சேர்ந்திருக்கிறேன்.

நின்ற பிறகு

வண்டி முழுக்க நிற்பதற்கு முன்பே உருட்டிக்கொண்டு போய், வளைவில்லாத நேரான இடத்தில் ஓரம் கட்டப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு ஆப்பு வைத்து, முன்னும் பின்னும் முக்கோண ரிஃப்ளெக்டரைத் தள்ளி வையுங்கள். மலை வளைவில் நின்றுவிட்டால் மேல் வளைவுக்கு அப்பால் ஒன்று, கீழ் வளைவுக்கு அப்பால் ஒன்று. பிரேக் போட, வருகிற வண்டிக்காரர்களுக்கு இடம் வேண்டும். கீழே விழுந்து கிடக்கிற கொப்பு இருந்தால் அதையும் போடலாம், பார்த்ததும் புரிந்துகொள்வார்கள். ஆப்புக்குக் கல் வைத்தால், கிளம்பும்போது தயவுசெய்து அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். ரோட்டு நடுவில் விட்டுப்போன கல்லில் ராத்திரி பைக்கில் வருகிறவன் ஏறி விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

டயர் மாற்றும்போது நட்டைத் தளர்த்துவது சக்கரம் தரையில் இருக்கும்போதே. மண் இளகியிருந்தால் ஜாக்கிக்கு அடியில் அந்தப் பலகை. நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, கொஞ்ச தூரம் ஓடினதும் நிறுத்தி மறுபடி ஒரு தடவை இறுக்குங்கள்.

போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். டவரைத் தேடித் தேடியே சார்ஜ் இறங்கிவிடும். மேடான இடத்தில் ஒரு மணிக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் இருந்தால் 112க்குப் பேச முடியும். "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி" என்று திரையில் காட்டினால் அதுதான் அர்த்தம். ஒரு கோடு மட்டும் வந்து வந்து போனால் பேச முயலாமல் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினர்கள் சாட்டிலைட் போன் கொண்டு வரலாமா என்று கேட்கிறார்கள். அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இங்கே குற்றம்.

சரி, நடந்து போகலாமா? புலிகள் காப்பகத்துக்குள் வேண்டவே வேண்டாம், மாலை நாலு மணிக்கு மேல் கண்டிப்பாக வேண்டாம். திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. இருட்டின பிறகு அந்தப் பக்கமிருந்து யாராவது வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வண்டிக்குள்ளேயே இருங்கள், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். யானை வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள், லைட்டை அடித்து அடித்து அணைக்காதீர்கள், இறங்கிப் போட்டோ எடுக்காதீர்கள். அது தன் வழியில் போகும் வரை சத்தமில்லாமல் இருந்தால் போதும். கரும்பு, வாழை, பலா இருந்தால் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் கரும்பு லாரிக்காகவே யானைகள் ரோட்டோரம் வந்து நிற்கும். குளிருக்குத் தீ மூட்டவும் கூடாது, கோடையில் ஒரு பொறி போதும் மலையே எரிந்துவிடும்.

வண்டி சரியாகி டவர் இருக்கிற இடத்துக்கு வந்ததும் முதல் போன், கிளம்பும்போது சொல்லிவிட்டு வந்த அந்த ஒருவருக்கு. அவர் அதற்குள் யாரையெல்லாம் கூப்பிட்டிருக்கிறார் என்று கேட்டு, அவர்கள் ஒவ்வொருவருக்கும் நீங்களே பேசி, வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த மெக்கானிக் உங்களைத் தேடி அந்த நேரத்தில் மலை ஏறிக்கொண்டிருப்பார்.