சோளத்துக்குத் தண்ணீர்: எப்போது, எவ்வளவு?

கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணி, பீடோங் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஜனவரியில் விதைத்த இனிப்புச் சோளம், வறட்சி நடுவில்தான் பூக்கும். கன்றாக இருக்கும்போது தினமும் ஊற்றிவிட்டு, ஆள் உயரம் வளர்ந்ததும் கையை விட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பயிர் கேட்பது இதற்கு நேர் மாறாக.

வரிசைக்கு வரிசை 75 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. விட்டு நடுங்கள். நீளமாக ஒரே வரிசையாக வேண்டாம், நான்கு வரிசையாவது சேர்ந்திருந்தால்தான் மகரந்தம் ஒழுங்காக விழும்.

அடுத்தது மூடாக்கு, அதாவது ஈரம் காயாமல் மண்ணை மூடுவது. பூக்காத லாலாங் புல்லை வேரில்லாமல் அறுத்து, அல்லது செம்பனை மட்டையை நறுக்கி, 5 முதல் 8 செ.மீ. கனம் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போட்டால் அழுகும், நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

இனி அளவு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் 1 லிட்டர். 10 மீட்டர் வரிசைக்கு 7.5 சதுர மீட்டர் நிலம். பூக்கும் காலத்தில் வெயில் நாளுக்கு 6 மி.மீ. வரை, அதாவது 45 லிட்டர் வேண்டும். முதல் மூன்று வாரத்துக்கு அதில் பாதியே போதும்.

சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தால் ஒரு துளைக்குக் கீழே கப் வைத்து 15 நிமிடம் பிடியுங்கள். 250 மி.லி. வந்தால் மணிக்கு 1 லிட்டர். 30 செ.மீ.க்கு ஒரு துளை என்றால் வரிசையில் 33 துளை, மூன்று நாளுக்கு ஒருமுறை விடுவதானால், மூன்று நாள் தண்ணீர் 135 லிட்டருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். கடைசித் துளையையும் அளந்து பாருங்கள். மிகவும் குறைந்தால் தொட்டியை உயர்த்துங்கள். துரு கலந்த கிணற்றுத் தண்ணீர் துளையை அடைக்கும். வடிகட்டி வைத்து, வாரம் ஒருமுறை குழாய் நுனியைத் திறந்து கழுவிவிடுங்கள்.

நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். 15 செ.மீ. ஆழத்து மண்ணைப் பிடித்துப் பாருங்கள், உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் தண்ணீர் விடுங்கள். மணல் மண்ணுக்கு இடைவெளி குறைவு. மதியம் இலை சுருண்டு மாலையில் விரிந்தால் பயமில்லை. காலையிலேயே சுருண்டிருந்தால் தாமதிக்காதீர்கள்.

செடி உச்சியில் ஆண்பூ வெளிவந்ததிலிருந்து இரண்டு வாரம் ஒரு முறைகூடத் தவறக்கூடாது. தண்ணீர் போதாவிட்டால் கதிரின் பட்டு நூல் தாமதமாகும், அதற்குள் மகரந்தம் கொட்டிவிடும். நுனி நூல் கடைசியில் வருவதால் நுனிதான் முதலில் பொக்கையாகும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் அந்த மணி திரும்பாது.

நூல் வந்த 20 நாளில் அது பழுப்பாகும். மணியை நகத்தால் கிள்ளுங்கள், பால் தெறித்தால் பறிக்கலாம்.